அன்னத்தின் கழுத்தில் ஒரு கட்டம்

போன ஆடியில் வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றின் வராந்தாவில் மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அத்தைக்குக் கண் ஆபரேஷன். மாமா ஆரணிக்காரர், பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பவர். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து போன். பார்டரில் வரும் அன்னத்தின் கழுத்தில் ஒரு கட்டம் அதிகமாக இருக்கிறது, அட்டை குத்தலாமா வேண்டாமா என்று.

ஒரு கட்டம்தானே என்று விட முடியாது. ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு இழை தூக்கப்படும், இல்லாத இடத்தில் கிடக்கும். கிராஃபில் ஒரு கட்டம் பிசகினால் அன்னத்துக்கு அன்னம் அதே பிசகு வரும். நெய்த பட்டைப் பிரித்துத் திருத்துவது நடக்கிற காரியமா?

வீட்டுக் கம்ப்யூட்டர் நல்லவேளையாக ஓடிக்கொண்டிருந்தது. மாமா செல்போனில் ரிமோட் டெஸ்க்டாப் செயலியைத் திறந்தார், ஆரணித் திரை உள்ளங்கைக்கு வந்தது. தொட்டார். பக்கத்துக் கட்டம் அழிந்தது.

“என்னடா மாப்ள, வெரல வச்சா அன்னமே மறைஞ்சுபோவுது. ஒரு குச்சி இருந்தா தேவல.”

அந்தக் குச்சிதான் என்னை இதை எழுத வைத்தது. பெரிய கம்ப்யூட்டருக்காகச் செய்ததைப் பிற்பாடு போனுக்குள் திணித்தார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். நிஜம் கிட்டத்தட்ட தலைகீழ். 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகத்தில் ‘வீடியோடைல்’ என்று ஒரு பலகை செய்தார்கள். எல்சிடி திரை, தொட்டு எழுத ஒரு பேனா, வேகமான நெட்வொர்க் இணைப்பு, அவ்வளவுதான். கணக்குப் போடுவதெல்லாம் வேறெங்கோ இருக்கும் கம்ப்யூட்டரின் வேலை. அந்தப் பலகைக்குப் படம் அனுப்ப உருவான நெறிமுறைதான் ஆர்எஃப்பி. அப்புறம் பலகையை விட்டுவிட்டு அதன் வேலையை வெறும் மென்பொருளாகச் செய்தார்கள். பொருள் இல்லாத பலகை என்பதால்தான் பெயரிலேயே ‘விர்ச்சுவல்’ வந்தது: விர்ச்சுவல் நெட்வொர்க் கம்ப்யூட்டிங், சுருக்கமாக விஎன்சி. 1998இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதிய நால்வரில் குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர் ஒருவர். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காபி ஜாடியைக் கேமராவில் காட்டி, ‘காபி இருக்கா’ என்று எழுந்து போய்ப் பார்க்கும் சிரமத்தைத் தீர்த்து வைத்தவர்களிலும் இவர் உண்டு. எழுந்து போகாமல் பார்ப்பதில் மனிதருக்கு அப்படி ஒரு பிரியம்!

விஎன்சி ஜக்கார்டு மாதிரியேதான் வேலை செய்கிறது. தறிக்கு அன்னம் என்றால் என்னவென்று தெரியாது, எந்த இழையைத் தூக்குவது என்பது மட்டும்தான் தெரியும். போனுக்கும் டிசைன் சாஃப்ட்வேர் தெரியாது. இந்த இடத்தில் இந்தப் புள்ளிகளை வை என்று வருகிறது, வைக்கிறது. திரையில் மாறிய பகுதி மட்டும் வந்தால் போதும். நாம் தொடுவது எதிர்த்திசையில் வெறும் 6 பைட்டாகப் போகும்: செய்தியின் வகை, எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது, கிடையில் எங்கே, நெடுக்கில் எங்கே. விரல் என்ற பேச்சே அதில் கிடையாது. பேனா முனைக்கும் மவுஸுக்கும் அது போதுமாக இருந்தது. 2007இல் ஐபோன் வந்து எல்லோரும் விரலுக்கு மாறிய பிறகுதான் தகராறு. செயலி எழுதியவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். திரையையே டச்பேடாக நினைத்துக்கொள்வது. விரல் ஒரு ஓரத்தில் நகரும், அம்புக்குறி வேறு இடத்தில் நகரும், பார்க்கிற இடத்தை விரல் மறைக்காது.

மாமாவுக்கு அதை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, அழிந்த கட்டத்தை மீட்டு, அதிகக் கட்டத்தை எடுத்தார். பத்து நிமிஷம் ஆனது. “இப்ப குத்துப்பா” என்று ஊருக்குச் சொன்னார்.

திரும்பும்போது ஒரு கடையில் ஆசையாக டச் பேனா ஒன்று வாங்கினார். இன்றைய போன் திரை மெல்லிய குச்சியை உணராது, அதனால் முனையில் தடியான ரப்பர். பஸ்ஸிலேயே இரண்டு தடவை கிராஃபைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது என் வெரலோட மோசம்டா” என்று சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.