இயற்கைச் சீனி மாற்றீடுகளும் எமது பிள்ளைகளின் பற்களும்

வென்னப்புவ, மாரவில தொடங்கி சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் ஊடாகக் கற்பிட்டிக் குடாநாட்டின் முனைவரை நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கரையோரம் கடலால் வாழ்வது போலவே தென்னையாலும் வாழ்ந்து வருகின்றது. குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு சேர்ந்து நாட்டின் தென்னை முக்கோணமாக அமைந்திருக்கும் இம்மாவட்டத்தின் லுணுவிலவிலேயே தென்னை ஆராய்ச்சி நிறுவகமும் அமைந்துள்ளது. தேங்காய், எண்ணெய், தும்பு ஆகியவற்றோடு தென்னம் பாளையின் பதநீரிலிருந்து காய்ச்சப்படும் பாணியும் கருப்பட்டியும், அண்மைக் காலமாகத் தென்னஞ்சீனியும் சந்தையில் இடம்பிடித்துள்ளன. 'இயற்கைச் சீனி', 'வெள்ளைச் சீனிக்குச் சிறந்த மாற்றீடு' என்ற வாசகங்களுடன் அவை விற்பனையாவதை நாம் காண்கின்றோம்.

இத்தொழில் வளர்வதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும், இயற்கையாகக் கிடைக்கும் இனிப்புப் பற்களுக்குக் கேடு செய்யாது என்ற எண்ணம் பெற்றோர் பலரிடையே வேரூன்றி வருவதைக் கண்டும் காணாதிருக்க இயலாது. அந்த எண்ணம் தவறானது. பிள்ளைக்குச் சீனிக்குப் பதிலாகப் பாணி கொடுக்கின்றோம் என்று ஆறுதல் அடையும் தாயின் நல்லெண்ணத்தில் குறையில்லை. அவருக்குக் கூறப்பட்ட தகவலிலேயே குறை உள்ளது.

தென்னம் பதநீரின் இனிப்புக்குக் காரணம் சுக்குரோசு ஆகும். கரும்பிலிருந்து எடுக்கப்படும் வெள்ளைச் சீனியும் அதே சுக்குரோசுதான். பதநீரைக் காய்ச்சி வற்றவைத்துப் பெறப்படும் தென்னஞ்சீனியில் மிகப் பெரும் பங்கு சுக்குரோசாகவே இருக்கின்றது. எஞ்சியவை சிறிதளவு குளுக்கோசு, புருக்டோசு, தாதுப்பொருட்கள் முதலியன. பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் இதற்கு விலக்கல்ல. தேனில் சுக்குரோசு குறைவெனினும் அதிலுள்ள குளுக்கோசும் புருக்டோசும் பற்களைப் பொறுத்தவரை அதே வேலையைத்தான் செய்கின்றன. தென்னஞ்சீனி இரத்தத்தில் குளுக்கோசை மெதுவாகவே உயர்த்தும் என்று கூறப்படுவது இரத்தத்தைப் பற்றிய பேச்சு. வாய்க்குள் நிகழ்வது வேறொன்று.

பற்களின் மேல் படியும் படலத்தில் வாழும் பக்டீரியாக்கள், குறிப்பாக ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் எனப்படும் இனம், சீனியை நொதிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. வாயின் அமிலகாரச் சுட்டெண் ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே இறங்கும்போது பல்லின் மிளிரியிலிருந்து கல்சியமும் பொசுபேற்றும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சமன்செய்து, கரைந்ததை மீளப் படியச் செய்வதற்கு அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம்வரை செல்லும். அதற்குள் மீண்டும் ஒரு மிடறு இனிப்புத் தேநீரோ ஒரு கடி கருப்பட்டியோ வாய்க்குள் போனால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பமாகின்றது. ஆகவே எவ்வளவு இனிப்பு உண்கின்றோம் என்பதைக் காட்டிலும் ஒரு நாளில் எத்தனை தடவை உண்கின்றோம், அது எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கின்றது என்பனவே கூடிய முக்கியத்துவம் பெறுகின்றன. 1940களில் சுவீடனின் விப்பேஹோல்ம் மனநல விடுதியில் நடத்தப்பட்ட ஆய்வு இவ்வுண்மையை ஐயமற நிறுவியது. தம் சம்மதத்தைத் தெரிவிக்க இயலாத நோயாளிகளுக்கு ஒட்டும் டொபிகளைக் கொடுத்து அவர்களின் பற்களைச் சூத்தையாக்கிப் பெறப்பட்ட அறிவு அது என்பதை நினைக்கும்போது மனம் கூசுகின்றது. கெட்டியான பாணியும் நாட்பட உறைந்த கருப்பட்டியும் அந்த டொபிக்கு மிக நெருங்கியவையே.

அவ்வாறாயின் பற்களுக்கு நன்மை பயக்கும் இயற்கைச் சீனி மாற்றீடு என ஒன்று உண்டா எனில், உண்டு என்றே கூற வேண்டும். சைலிட்டோல் என்பது அதன் பெயர். 1890களின் தொடக்கத்தில் ஜேர்மனிய இரசாயனவியலாளர் எமில் பிஷரும் அவரது சகாக்களும் பீச் மரச்சீவலிலிருந்து இதனைத் தயாரித்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனித் தட்டுப்பாட்டுக்கு உள்ளான பின்லாந்தில் அது கவனத்தைப் பெற்றது. பூர்ச்ச மரத்திலிருந்தும் சோளப்பொத்தியின் சக்கையிலிருந்தும் பெறப்படும் சைலோசு என்ற வெல்லத்தோடு ஐதரசனைச் சேர்த்து இன்று இது ஆலைகளில் செய்யப்படுகின்றது. சில பழங்களிலும் காய்கறிகளிலும் மிகச் சிறிதளவில் இயல்பாகவே உள்ளது. எமது உடலும் அன்றாடம் சில கிராம்களை உருவாக்கிக்கொள்கின்றது. இனிப்பில் சீனிக்கு நிகரானதாயினும் ஒரு கிராமில் 4 கலோரிக்குப் பதிலாக 2.4 கலோரியே இதிலுள்ளது. நாவில் ஒருவகைக் குளிர்ச்சியையும் தருகின்றது.

சைலிட்டோலை மேற்படி பக்டீரியா உணவென எண்ணி உள்ளெடுக்கின்றது; ஆனால் அதனை அமிலமாக மாற்ற அதனால் முடிவதில்லை. உள்ளெடுத்ததை மீண்டும் வெளியேற்றுவதிலேயே தன் சக்தியைச் செலவிட்டு நலிவடைகின்றது.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் 1972 இல் ஆர்யே ஷெய்னினும் கௌகோ மெக்கினெனும் தொடங்கிய ஆய்வில், 125 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் முறையே சாதாரண சீனி, புருக்டோசு, சைலிட்டோல் ஆகியவற்றால் இனிப்பூட்டப்பட்ட உணவை உண்டனர். சைலிட்டோல் குழுவில் புதிய பற்சூத்தை 85 வீதத்துக்கும் அதிகமாகக் குறைந்திருந்தது. 1975 இல் முதலாவது சைலிட்டோல் சூயிங்கம் அந்நாட்டுச் சந்தைக்கு வந்தது.

எமக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுவது 1989 முதல் 1993 வரை மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் நடைபெற்ற ஆய்வாகும். கடற்கரையும் கரும்புச் செய்கையும் கொண்ட, இனிப்பை மிகுதியாக உண்ணும் அச்சிறிய நாட்டின் 1277 பாடசாலை மாணவருக்குப் பல்வேறு வகைச் சூயிங்கம்கள் 40 மாதங்கள் வழங்கப்பட்டன. முற்றிலும் சைலிட்டோலால் இனிப்பூட்டப்பட்டதை மென்ற பிள்ளைகளின் பற்களே மிகச் சிறந்த நிலையில் இருந்தன. சீனிச் சூயிங்கம் மென்றோரின் பற்கள் எதையும் மெல்லாதவர்களின் பற்களை விடவும் மோசமடைந்தன.

தாய்மார் கவனிக்க வேண்டிய செய்தியொன்றும் உண்டு. பற்சூத்தையை உண்டாக்கும் பக்டீரியா பெரும்பாலும் தாயின் உமிழ்நீர் வழியாகவே குழந்தையின் வாயை அடைகின்றது: ஒரே கரண்டியில் ஊட்டுதல், சூடு பார்த்துக் கொடுத்தல் போன்ற அன்பான பழக்கங்களின் ஊடாக. குழந்தைக்குப் பால்பற்கள் முளைக்கும் காலத்தில் தாய் சைலிட்டோல் சூயிங்கம் மென்று வந்தால் அந்தத் தொற்று வெகுவாகக் குறைவதோடு, ஐந்து வயதில் பிள்ளையின் பற்சூத்தையும் ஒப்பீட்டுக் குழுவைவிட 70 வீதமளவில் குறைந்திருந்ததாக 2000 ஆம் ஆண்டில் வெளியான பின்லாந்து ஆய்வு கூறியது. பிள்ளை எதையும் உண்ணாமலேயே பயன் பெற்றமை இதன் சிறப்பாகும்.

நாணயத்தின் மறுபக்கத்தையும் வாசகர் முன் வைப்பது எமது கடமை. 2013 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 691 வயதுவந்தோரில் ஒரு பகுதியினர் 33 மாதங்கள் நாளொன்றுக்கு 5 கிராம் சைலிட்டோலை வில்லைகளாகச் சுவைத்தும், ஒட்டுமொத்தப் பற்சூத்தையில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. 2015 இல் கொக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பரிசீலித்தது. புளோரைட்டுடன் சைலிட்டோலும் கலந்த பற்பசை, புளோரைட் மட்டும் கொண்டதைக் காட்டிலும் பிள்ளைகளின் பற்சூத்தையை 13 வீதமளவில் குறைக்கக்கூடும் என்றும், அதற்கான ஆதாரத்தின் தரமும் தாழ்ந்ததே என்றும், சூயிங்கம் முதலிய ஏனையவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அது முடிவு செய்தது. சீனிக்குப் பதிலாக வருமிடத்து சைலிட்டோல் நன்மை செய்யும் என்பதில் எமக்கு ஐயமில்லை. சீனியை உண்டுகொண்டே மருந்தாக இதனையும் மெல்லலாம் என எண்ணுவோருக்கே ஏமாற்றம் காத்திருக்கின்றது.

2024 இல் ஐரோப்பிய இருதய சஞ்சிகையில் வெளியான ஆய்வு, இரத்தத்தில் சைலிட்டோல் அளவு உயர்ந்தோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து அதிகமாகக் காணப்பட்டதாகத் தெரிவித்தது. இது காரணத்தை நிறுவிய ஆய்வல்ல, தொடர்பைக் காட்டிய ஆய்வு. 30 கிராம் கலந்த பானத்தை ஒரே தடவையில் அருந்தியவர்களிடம் குருதிச் சிறுதட்டுகளின் உறையும் தன்மை கூடியதும் அதில் அவதானிக்கப்பட்டது. சூயிங்கமிலோ பற்பசையிலோ உள்ள சிறிய அளவுக்கும் கேக்கிலும் பானத்திலும் கொட்டப்படும் பெரிய அளவுக்கும் வேறுபாடு உண்டு. பற்களுக்கெனக் கூறப்படுவது நாளொன்றுக்கு 5 முதல் 6 கிராம் வரையே. அதுவும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகளாகப் பிரித்து. மிகையானால் வயிற்றோட்டம் உண்டாகும். சிறு குழந்தைகளுக்குச் சூயிங்கம் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. நாய்களுக்கு சைலிட்டோல் நஞ்சாகும் என்பதை வளர்ப்போர் மறக்கலாகாது. சைலிட்டோல் தாவரப் பொருளாயினும் வில்லைகளிலும் சூயிங்கமிலும் சேரும் ஜெலட்டின், கிளிசரின் ஆகியவற்றின் மூலம் எதுவென அறிய முஸ்லிம் வாசகர்கள் ஹலால் சான்றிதழைப் பார்த்து வாங்குவது உகந்தது.

வீட்டுத் தோட்டத்திலும் வளர்க்கக்கூடிய ஸ்டீவியா பற்றியும் ஒரு வார்த்தை. பராகுவே மக்களிடமிருந்து உலகம் அறிந்துகொண்ட இச்செடியின் இனிப்பை வாய்ப் பக்டீரியாக்கள் அமிலமாக்குவதில்லை. ஆனால் சந்தையில் கிடைக்கும் ஸ்டீவியாப் பொடிகள் சிலவற்றில் குளுக்கோசு போன்றவை நிரப்பியாகக் கலக்கப்படுவதால் பொதியை வாசிக்காமல் வாங்கலாகாது.

எமது கரையோரத்துக்குத் திரும்புவோம். இரவெல்லாம் களப்பிலும் கடலிலும் நிற்கும் மீனவருக்கு இனிப்பிட்ட வெறுந்தேநீரே துணை. பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் வாடியமைத்துத் தங்குவோர் ஒரு பல்லைப் பிடுங்குவதற்கும் படகேறி வர வேண்டும். இத்தகையோருக்கு, தேநீரின் எண்ணிக்கையைக் குறைக்காவிட்டாலும் அவற்றில் ஒன்றிரண்டையாவது இனிப்பின்றி அருந்துங்கள் என்று கூறுவதே நடைமுறைக்கு உகந்தது. சூயிங்கம் தேடி அலையச் சொல்வது பொருந்தாது.

றமழான் மாதத்தில் கணக்கு வேறுவிதமாகின்றது. பகல் முழுவதும் உமிழ்நீர் குறைந்து வாய் உலர்ந்திருக்கும். இப்தாருக்குப் பேரீச்சம்பழமும் சர்பத்தும், பின் தராவீஹ் முடிந்து தின்பண்டங்களும், ஸஹருக்கு மீண்டும் இனிப்புத் தேநீரும் என இரவு முழுவதும் பற்கள் அமிலத்தில் தோய்கின்றன. பேரீச்சம்பழத்தை உண்டபின் தண்ணீரால் வாயை நன்கு கொப்பளிப்பதும், இனிப்பை இப்தாருடன் முடித்துக்கொள்வதும், ஸஹருக்குப் பின் பல்துலக்குவதும் எவ்வித செலவுமின்றிச் செய்யக்கூடியவை. நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்திய மிஸ்வாக், உகாய் மரத்தின் குச்சியாகும். வரண்ட வடமேற்குக் கரையின் பற்றைக் காடுகளிலும் அம்மரம் காணப்படுகின்றது. வாய்ப் படலத்தை அகற்றுவதில் மிஸ்வாக்கின் பயனை ஆய்வுகளும் ஏற்றுள்ளன.

எந்த மாற்றீடும் புளோரைட்டின் இடத்தை நிரப்பாது. நாளுக்கு இரு தடவை புளோரைட் பற்பசை. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஓர் அரிசி அளவும், அதற்கு மேற்பட்டோருக்கு ஒரு பட்டாணி அளவும் போதும். மாவட்டத்தின் உட்பகுதியில், ஆனமடுவ போன்ற இடங்களில், நிலத்தடி நீரிலேயே புளோரைட் மிகுந்து பிள்ளைகளின் பற்கள் கறைபடுவதால் அங்குள்ளோர் இவ்விடயத்தில் பல் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவது நன்று. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மெல்வோரின் வாய்ப்புற்று அபாயத்தை எந்த இனிப்பும் தணிக்காது என்பதையும் சேர்த்தே கூறுகின்றோம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் அதுவாகும்.

2016 இல் மென்பானங்களின் சீனி அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டும் முறையை அரசாங்கம் நடைமுறைப்படுத்தியது. ஆனால் எம்முள் பலர் அந்நிறத்தை நோக்குவதேயில்லை. பாணிப் போத்தல்களிலும் தென்னஞ்சீனிப் பொதிகளிலும் 'சீனி சேர்க்கப்படவில்லை' என்று மட்டும் எழுதாது, அதிலேயே அடங்கியுள்ள சீனி எவ்வளவு என்பதை மும்மொழிகளிலும் பெரிதாக அச்சிடுமாறு உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். 2015-2016 தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் அதிகமானோருக்குப் பற்சூத்தை இருந்தது. பாடசாலை செல்வதற்கு முன்னரே இந்நிலை ஏற்பட்டுவிடுவதால், பாடசாலைப் பற்சிகிச்சையாளரைப் பிள்ளை சந்திக்கும் நாள் வரை காத்திராது, தாய்சேய் கிளினிக்கில் தடுப்பூசிக்கு வரும் தாயிடமே குடும்ப நல உத்தியோகத்தர்கள் இவ்விடயத்தைப் பேச வேண்டும். போச்சியில் இனிப்புப் பால் கொடுத்துக் குழந்தையைத் தூங்க வைக்கும் வழக்கத்திலிருந்து அப்பேச்சு தொடங்கட்டும்.