சிவப்பழகின் நிபந்தனை: இந்திய முகப்பூச்சு விளம்பரங்களில் பெண், 1975 முதல் 2022 வரை

சிவப்பழகு கிரீம் விளம்பரங்களின் வரலாற்றைப் பெண் முன்னேறிய வரலாறாக வாசிக்க இடமுண்டு. தொடக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்காகக் காத்திருந்தவள் பிறகு வேலைக்குப் போகிறாள், சம்பாதிக்கிறாள், மேடை ஏறுகிறாள். ஆனால் கதையமைப்பைக் கூர்ந்து பார்த்தால், அவள் அடையும் பரிசு மட்டுமே மாறியிருப்பது தெரியும். எந்தப் பரிசானாலும் அதற்கு முன் அவள் முகம் வெளுக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. எதிர்ப்பு வந்தபோதெல்லாம் இவ்விளம்பரங்கள் சொல்லை மாற்றி நிபந்தனையைக் காப்பாற்றிக்கொண்டன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லியை 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. முகப்பூச்சு அப்போது புதிய பொருளில்லை, ஈ.எஸ். பதன்வாலா 1919இலேயே ஆப்கான் ஸ்னோவை விற்கத் தொடங்கியிருந்தார். லீவரின் கிரீமில் இருந்த நியாசினமைடு, மெலனின் தோலின் மேலடுக்குச் செல்களுக்குப் பரவுவதை ஓரளவு குறைக்கும். பூசுவதை நிறுத்தினால் அந்த விளைவும் நிலைக்காது. இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பெரிதாக விற்க வேண்டுமானால், தோலைப் பற்றிப் பேசினால் போதாது, வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும். முதலில் அந்த வாழ்க்கை திருமணமாக இருந்தது. 1991க்குப் பின் செயற்கைக்கோள் தொலைக்காட்சி பரவி, படித்த பெண்கள் அலுவலகங்களுக்குப் போவது பெருகியதும் அது வேலையாயிற்று. 2000களின் தொடக்கத்தில் வந்த ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என்று தந்தை ஏங்குகிறார். அதைக் கேட்ட மகள் கிரீம் பூசி, விமானப் பணிப்பெண்ணாகி, பெற்றோரைத் தாங்குகிறாள். மகள் மகனுக்கு ஈடாவாள் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் தன் நிறத்தை மாற்றிய பிறகே ஈடாவாள் என்கிறது.

அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இத்தகைய விளம்பரங்களுக்கு எதிராக 2002இல் புகார் எழுப்பியது. 2003இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இரண்டு விளம்பரங்களைத் தடை செய்தது. அதே ஆண்டில் லீவர் நிறுவனம் பெண்களின் பொருளாதார முன்னேற்றத்துக்கென்று கிரீமின் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கி, கல்வி உதவித்தொகை வழங்கியது. உதவித்தொகையால் பயனடைந்த பெண்கள் உண்மையானவர்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் பெண் விடுதலையின் மொழியும் நிறத்தாழ்வின் வணிகமும் ஒரே பெயரில் இணைந்த தருணம் அது.

சமூகத்தில் ஏற்கெனவே இருந்த விருப்பத்தைத்தான் விளம்பரம் காட்டுகிறது என்பது வழக்கமான மறுப்பு. மணமகள் தேவை விளம்பரங்களில் ‘நல்ல நிறம்’ கேட்கும் வழக்கம் கிரீமால் பிறந்ததில்லை என்பது சரியே. ஆனால் நம் மரபில் ஒரே விருப்பம் மட்டும் இருந்ததில்லை. சங்கப் பாடல்கள் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை அழகென்று பாடின. திரௌபதியை மகாபாரதம் கரியவளாகவே பேரழகியாக்கியது. பல விருப்பங்களில் ஒன்றைத் தேர்ந்து, பெரும் பணம் செலவிட்டு நாள்தோறும் திரும்பச் சொல்வது வெறும் பிரதிபலிப்பு ஆகாது. மேலும், ஒரு குறையை நம்பவைத்த கையே அதற்கு மருந்தும் விற்கிறது.

ஆண்களுக்கும் சிவப்பழகு கிரீம் வந்துவிட்டதே, இதில் பாலினம் எங்கே என்று கேட்கலாம். எமாமி நிறுவனம் 2005இல் ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸமை அறிமுகப்படுத்தியபோது, பெண்களின் கிரீமை ஒளிந்து பூசும் ஆணைக் கேலி செய்தே அதை விற்றது. நிறத்தாழ்வு ஆணுக்கும் நீண்டது உண்மை. ஆனால் பெண்ணுக்குரியதைத் தொடுவது ஆணுக்கு இழுக்கு என்ற பழைய கருத்தின் மேல்தான் அந்தச் சந்தை கட்டப்பட்டது.

சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதற்குக் குரல் கொடுத்தார். 2014இல் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், கறுப்பு நிறத்தவரை அழகற்றவராகவோ, திருமணத்திலும் வேலையிலும் பின்தங்கியவராகவோ காட்டக் கூடாது என்று விதித்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டதை ஒட்டி உலகெங்கும் நிறவெறி எதிர்ப்பு எழுந்த வேளையில், ஃபேர் அண்ட் லவ்லியின் பெயர் குளோ அண்ட் லவ்லி ஆனது. 2022இல் தீங்கான பாலினப் படிமங்கள் குறித்துக் கவுன்சில் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. இவை போராடிப் பெற்ற வெற்றிகள். வெளிப்படையான இழிவு இன்று திரையில் அரிது. ஆனால் ‘வெளுப்பு’ போன இடத்தில் ‘பொலிவு’ வந்தது. இதுவும், தன் முகத்தோடு உள்ளபடி இருக்கும் பெண் இன்னும் தயாராகவில்லை என்றே சொல்ல முடியும்.

ஆகவே தடைசெய்த சொற்களைத் தேடுவதோடு ஆய்வும் ஒழுங்குமுறையும் நின்றுவிடக் கூடாது. பொருள் கதைக்குள் வருவதற்கு முன் அந்தப் பெண்ணுக்கு என்ன குறை ஏற்றப்படுகிறது, வந்தபின் எந்த உரிமை அவளுக்குப் பரிசாகக் கொடுக்கப்படுகிறது என்ற இரு கேள்விகளையும் ஒவ்வொரு விளம்பரத்திடமும் கேட்க வேண்டும். வேலையும் மதிப்பும் அவளுக்கு உரியவை. அவற்றைப் பரிசாக்கிக் காட்டும் விளம்பரம் எந்தப் பெயரில் வந்தாலும் 1975இன் தொடர்ச்சியே.