பழைய காரும் பழைய ஓடத்துறையும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "உங்க பேட்ச் பசங்க பழைய கார் வெச்சிக்கிட்டு ஊர் சுத்துறீங்களாமே, அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுப்பா" என்று சீனியர் அண்ணன் ஒருவர் உத்தரவு போட்டுவிட்டார். சீனியர் சொல்லைத் தட்டும் வழக்கம் நம் ஹாஸ்டலில் கிடையாது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது கார் கொஞ்சம் பின்னுக்குப் போய், வேறொரு விஷயம் முன்னுக்கு வந்துவிட்டது. நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் சொந்த ஊர் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் செம்மண் மேடுமாக இருக்கும் ஊர். என் சின்ன வயதில் சென்னைக்குப் போவதென்றால் திண்டிவனம் வழிதான். 1998-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை திறந்த பிறகு எல்லாம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் வழியே பழைய கார்கள் புதுச்சேரிக்கு வரிசையாகப் போவதைப் பார்ப்பதற்கென்றே ரோட்டோரம் நின்றிருக்கிறேன். அந்த ஆசைதான் இப்போது என்னையும் பிடித்துக்கொண்டது.

பழைய கார்களைக் கூட்டி ஓட்டுவது நம் நாட்டில் புதிதல்ல. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-லேயே டில்லியில் பழைய கார் பந்தயத்தைத் தொடங்கிவிட்டது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. நம் ஊருக்கு இதில் தனிப் பெருமையும் உண்டு. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியில்தான் ஹெரால்டு கார்கள் தயாராயின. 2014-ல் அம்பாசடர் தயாரிப்பும் நின்றபோது நம்மில் பலருக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் போன மாதிரி இருந்தது. 2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் விடக்கூடாது. ஆக, பழைய காருக்கு இப்போது சட்டப்படி ஒரு மரியாதை இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

எங்கள் பேட்ச் கூட்டத்தில் ஒரு மார்க் 2 அம்பாசடர், ஒரு ஹெரால்டு, ஒரு பத்மினி. எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஸ்பேனர் பெட்டியோடு பின் சீட்டில் உட்காரும் ஆள் நான். போன வருஷம் சென்னையிலிருந்து எங்கள் ஊருக்குக் கிளம்பினோம். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது அம்பாசடர் ரேடியேட்டர் கொதித்து ஆவி விட ஆரம்பித்தது. ஓரங்கட்டி நிறுத்தினோம். அது ஆறுகிற வரை வேலை இல்லை. நண்பன் ஒருவன் பக்கத்தில் கிடந்த தண்ணீரைக் காட்டி, "இது என்ன ஆறுடா?" என்று கேட்டான்.

"ஆறு இல்லடா, பக்கிங்காம் கால்வாய். எங்க தாத்தா இதுலதான் தோணி இழுத்தாரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. முதல் வருஷ அறிமுகக் கூட்டத்தில் அவரவர் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து "விவசாயக் குடும்பம்" என்றேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்தப் பொய்யை நாலு வருஷமும் காப்பாற்றினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கும் இடமாகவும் இந்த மலரை வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கால்வாயின் கதை நம் சாலையின் கதையைவிடப் பெரியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கியது. பின்னால் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களைக் கொண்டு, கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டை வெட்டினார்கள். 1878-ல் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவன் பெயர் எதிலும் இல்லை. வடக்கே ஆந்திராவிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீர்வழி அது. வழியில் பாலாற்று முகத்துவாரத்தையும் கடந்து வரும்.

தாத்தா அம்மாவைப் பெற்றவர், மரக்காணத்துக்காரர். உப்பும் சவுக்குக் கட்டையும் ஏற்றிய தோணியைக் காற்று இருந்தால் பாயில் ஓட்டுவார்கள். இல்லையென்றால் கழி ஊன்றுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் கரையில் இறங்கித் தோளில் கயிறு போட்டு இழுக்க வேண்டும். அவர் வலது தோளில் கறுத்த தழும்பு ஒன்று இருக்கும். கேட்டால், "கயிறு தின்ன எடம்டா கண்ணு" என்று சிரிப்பார். 1965, 66 புயல்களில் கால்வாய் சிதைந்தது; லாரிகளும் பெருகின. தாத்தா உப்பளக் கூலிக்குப் போய்விட்டார்.

இதற்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு இன்று ஒரு மணி நேரத்தில் போகிறோம். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து கால்வாய்ப் படகில் இரவு முழுதும் போவார்கள். கார் வைத்திருந்த துரைமார் செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் சுற்றிக் கால்வாயின் மேற்குக் கரை வரை வந்து, அங்கிருந்து ஓடத்தில் அக்கரை போய்க் கோயில் பார்த்தார்கள். அதாவது இன்று நாம் மெருகு போட்டுக் கும்பிடும் பழைய கார், எஜமானை இறக்கிவிட்டு ஓடக்காரனுக்காகக் கரையில் காத்துக் கிடந்திருக்கிறது.

இந்தத் துறைகளுக்கும் ஒரு சட்டம் இருந்தது. சென்னை மாகாணத்தின் 1890-ஆம் வருஷத்து இரண்டாவது சட்டம், கால்வாய்களையும் பொது ஓடத்துறைகளையும் பற்றியது. எது பொதுத்துறை என்று அறிவிப்பதும், கட்டணம் வாங்குவதும், குத்தகைக்கு விடுவதும் அதில் அடக்கம். ஆனால் பாலம் வந்த அன்றோடு துறை செத்துவிடும். பாலத்துக்குக் கல்வெட்டு உண்டு. துறைக்கு ஒரு பலகைகூடக் கிடையாது.

வெளிநாட்டில் வேறு மாதிரி. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றில் 1655-ல் தொடங்கிய ஒரு ஓடத்துறையைப் பாலங்கள் வந்த பின்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். இன்று கார்களையும் ஏற்றிப் போகிறது. அங்கேயும் எல்லாம் பிழைக்கவில்லை. பொட்டோமாக் ஆற்றில் 1786 முதல் ஓடிய ஒயிட்ஸ் ஃபெர்ரி 2020 டிசம்பரில் கம்பி அறுந்து, கரை உரிமைத் தகராறில் நின்றேபோனது. ஆனாலும் அது நின்றது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நம் துறைகள் நின்றது ஒரு வரிச் செய்திகூட இல்லை.

நான் பாலம் கட்டும் வேலையில் இருப்பவன். பாலம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பிரசவ வலியோடு ஓடத்துக்குக் காத்திருந்த வீட்டாரிடம் போய் ஓடத்தின் அழகைப் பேச முடியாது. ஆனால் ஒரு சைட்டுக்குப் போனால் மண் பரிசோதனை, வெள்ள மட்டம் எல்லாம் கேட்கும் நான், "இங்கே முன்னே யார் ஆட்களைக் கடத்திவிட்டது?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. இத்தனைக்கும் வெள்ளம் எதுவரை ஏறும் என்று அந்த ஆளுக்குத்தான் நம் டிராயிங்கைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அன்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளம்புமுன், அம்பாசடர்காரன் என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னான். "தாத்தா பேரு என்னடா?" என்று கேட்டான். சொன்னேன். பதினைந்து வருஷ நட்பில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை; அதற்கு நான்தான் காரணம்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பாலாற்றங்கரை, கொள்ளிடக்கரை, வெள்ளாற்றங்கரை ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பழைய துறையின் பெயர், அங்கே ஓடம் விட்ட குடும்பம், பாலம் வந்த வருஷம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவாருங்கள். அந்த இடங்களுக்கு நம் பழைய கார்களிலேயே போவோம். சங்கம் அனுமதித்தால் துறைக்கு ஒரு பலகையும் நடுவோம். முதல் பலகை மரக்காணத்தில், செலவு என்னுடையது.

பழைய காரை நாம் பத்திரப்படுத்திவிட்டோம். அதைக் கரையில் காக்க வைத்தவனையும் கொஞ்சம் நினைப்போம்.