திண்டுக்கல் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகள்: பொதுச்சாலை தனியார் கைக்குச் சென்ற வரலாறு

திண்டுக்கல்லில் இருந்து காரிலோ லாரியிலோ வெளியூர் செல்பவர்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு சுங்கச்சாவடியைக் கடந்தாக வேண்டும். மதுரைச் சாலையில் கொடைரோடு, திருச்சிச் சாலையில் பொன்னம்பலப்பட்டி, கரூர்ச் சாலையில் வேலன்செட்டியூர் எனச் சாவடிகள் உள்ளன. நாகல் நகரில் நெய்த சேலை, ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறி, நிலக்கோட்டைப் பூ ஆகியவை இவ்வழிகளில் செல்லும்போது சாலைக் கட்டணம் வண்டி வாடகையில் சேர்ந்துவிடுகிறது. காய்கறி வாங்கும்போது சுங்கத்துக்கும் பணம் கொடுக்கிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

பழைய சாவடிகள்

சாலையில் பணம் வசூலிப்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. சரக்கு ஊர்விட்டு ஊர் போகும்போது தண்டப்பட்ட வழிச்சுங்கம் சென்னை மாகாணத்தில் 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. பின்னர் உள்ளாட்சி அமைப்புகள் சாலைப் பராமரிப்புக்காக வண்டிகளிடம் சாவடிக் கட்டணம் பெற்றன. அவ்வசூல் பல இடங்களில் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. அரசுக்கு ஒரு தொகையை ஒப்புக்கொண்டு, மக்களிடம் தண்டும் பணத்தில் மிச்சத்தைத் தனக்கு வைத்துக்கொள்வது குத்தகைதாரரின் தொழில். திருச்சியில் ‘நெ.1 டோல்கேட்’ என்ற ஊர்ப்பெயர் அக்காலத்தின் எச்சமாக இன்றும் வழங்குகிறது.

1931-ஆம் ஆண்டுச் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் இம்முறையை மாற்றியது. மோட்டார் வண்டிகள் சாவடிதோறும் நின்று பணம் கட்டுவதற்குப் பதிலாக அரசுக்கு வரி செலுத்தின. வருவாய் இழந்த உள்ளாட்சிகளுக்கு அதிலிருந்து ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது. சாலை என்பது வரிப்பணத்தில் அமைந்து எல்லோருக்கும் திறந்திருப்பது என்ற எண்ணம் வேரூன்றியது இதன் பிறகுதான்.

தனியார் வருகை

1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1995-இல் திருத்தப்பட்டு, தனியார் நெடுஞ்சாலை அமைத்துக் கட்டணம் வசூலிக்க வழி திறக்கப்பட்டது. 1998-இல் பெட்ரோலுக்கும் 1999-இல் டீசலுக்கும் லிட்டருக்கு ஒரு ரூபாய் சாலைக்கென விதிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு மத்தியச் சாலை நிதிச் சட்டம் அந்த ஏற்பாட்டை நிலைப்படுத்தியது. வாகன வரியும் தொடர்ந்தது. ஆகவே சுங்கம் செலுத்தும் வண்டிக்காரர் ஒரே சாலைக்கு மூன்று வழிகளில் பணம் தருகிறார்.

ஸ்ரீநகர்–கன்னியாகுமரி வடக்கு–தெற்கு வழித்தடத்தில் (இன்றைய தே.நெ. 44) அமைந்த திண்டுக்கல்–சமயநல்லூர்ப் பகுதி, சுமார் 53 கி.மீ., ‘கட்டி, இயக்கி, ஒப்படைத்தல்’ முறையில் ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சரின் துணை நிறுவனத்துக்கு 20 ஆண்டு உரிமத்தில் தரப்பட்டது. 2009-இல் வசூல் தொடங்கியது. திருச்சி–திண்டுக்கல் சாலையும் அதே குழுமத்தின் மற்றொரு துணை நிறுவனத்துக்கு 30 ஆண்டு உரிமத்தில் சென்றது. நான்கு வழிச்சாலையால் பயண நேரம் குறைந்தது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தடங்களில் முன்பே அரசுப் பணத்தில் போட்ட சாலை இருந்தது. விரிவாக்கத்துக்கான நிலத்தைக் கையகப்படுத்திக் கொடுத்ததும் அரசுதான். நிறுவனம் கொண்டுவந்தது விரிவாக்க முதலீடு. அதற்கு ஈடாகப் பெற்றது மாற்றுவழி எளிதில் கிடைக்காத ஒரு தடத்தின் வருவாய்.

கட்டண விதிகள்

2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகள் 2007-08-ஐ அடிப்படையாகக் கொண்டு, கிலோமீட்டருக்குக் காருக்கு 65 காசும் பேருந்து, லாரிகளுக்கு 2 ரூபாய் 20 காசும் நிர்ணயித்தன. ஆண்டுதோறும் 3 விழுக்காடும், அதனுடன் மொத்தவிலைக் குறியீட்டு உயர்வில் 40 விழுக்காடும் கூடும். சாலையின் தரம் குறைந்தாலும் இந்தக் கணக்கு மேலேதான் போகும். இரு சாவடிகளுக்கிடையே 60 கி.மீ. இடைவெளி வேண்டும், நகராட்சி எல்லைக்கு 10 கி.மீ.க்குள் சாவடி கூடாது என்பவையும் அவ்விதிகளில் உண்டு. இரண்டுக்கும் விலக்குகளும் உண்டு. திருமங்கலத்தை ஒட்டியுள்ள கப்பலூர்ச் சாவடிக்கு எதிராக உள்ளூர் மக்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருவது இதனால்தான்.

அரசு நிதியில் அமைந்த சாலைகளில், முதலீடு திரும்பியதும் கட்டணத்தை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்றிருந்த விதி 2023 அக்டோபரில் திருத்தப்பட்டு, முழுக் கட்டணம் தொடர வகைசெய்யப்பட்டது. இத்திருத்தம் பெற்ற கவனம் மிகக் குறைவு. 2025 ஆகஸ்ட் 15 முதல் 3,000 ரூபாய்க்கு 200 பயணம் என்ற ஆண்டுச் சீட்டு வந்தது. அது வணிகப் பயன்பாடற்ற கார் போன்ற வண்டிகளுக்கு மட்டுமே. காய்கறி லாரிக்கு அதில் இடமில்லை.

பேருந்து நின்ற கதை

இருசக்கர வண்டிக்குச் சுங்கம் இல்லை என்பதால் ஏழைக்குப் பாதிப்பில்லை என்று கூறுவோர் உண்டு. அரசுப் பேருந்துகள் சுங்கம் செலுத்த வேண்டியவை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மதுரை–கன்னியாகுமரி தடத்தில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளை நடத்தும் தனியார் நிறுவனங்கள், போக்குவரத்துக் கழகங்கள் சுமார் 276 கோடி ரூபாய் பாக்கி வைத்திருப்பதாக வழக்குத் தொடுத்தன. 2025 ஜூலை 10 முதல் அச்சாவடிகளில் அரசுப் பேருந்துகளை அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு பேச்சுவார்த்தைக்கு அவகாசம் கேட்டதையடுத்து அந்த உத்தரவு ஜூலை 31 வரை நிறுத்திவைக்கப்பட்டது.