இராதாகிருஷ்ணனும் அவர்தம் ஆசிரியரும்

1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராய் விளங்கிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த நாளில் அதன் மாணவர். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்னும் கிறிஸ்தவரின் குற்றச்சாட்டு அவர் உள்ளத்தைத் தைத்தது. அதனை மறுத்தே 1908இல் தம் முதுகலை ஆய்வுரையை வெளியிட்டார். அவர்தம் ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் அதனைப் பாராட்டினார்.

1937இல் கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தபோது ஹாக்கே முதல்வர். 1938 டிசம்பரில் அங்குக் கூடிய உலக மிஷனெரி மாநாட்டையொட்டி, பிற சமயத்தாரிடத்தும் மெய்யான விசுவாசம் உண்டென்று ஹெண்ட்ரிக் கிராமரை மறுத்து அவர் எழுதினார். ஓர் இந்து மாணவரின் மறுப்புக்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே செவிகொடுத்தவர் அவர்.

நாமோ அயலாரின் சமயத்தைக் குறைத்துரைக்குமுன், அவர்கள் அதனை உணரும் வண்ணம் கற்றோமா? நம் பிரசங்கம் கேட்போருள்ளும் ஓர் இராதாகிருஷ்ணன் இருக்கலாம்.