ஃபாத்திமா: பெயரும் பொருளும் புகழும்

குழந்தைக்குப் பெயர் கேட்டு வரும் இளம் பெற்றோர் சிலர் இப்போது ஒரு நிபந்தனையோடுதான் வருகிறார்கள். "ஹஜ்ரத், ஃபாத்திமா மட்டும் வேண்டாம். குடும்பத்தில் ஏற்கனவே நாலு பேர் இருக்கிறார்கள். புதிதாக, நல்ல அர்த்தம் உள்ளதாகச் சொல்லுங்கள்." கையிலுள்ள செல்போனில் ஒரு பட்டியலும் இருக்கும். அதில் உள்ள பல பெயர்களை அரபி அகராதியில் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் வேண்டாம் என்று ஒதுக்கும் அந்தப் பெயரின் பொருளை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

சொல்லின் வேர்

ஃபா, தா, மீம் ஆகிய மூன்று எழுத்துகளிலிருந்து பிறந்த சொல் இது. 'ஃபதம' என்றால் துண்டித்தான், விலக்கினான் என்று பொருள். பெரும்பாலும் குழந்தையைத் தாய்ப்பாலிலிருந்து விலக்குவதற்கே இச்சொல் வழங்குகிறது. பால்குடி மறக்கச் செய்வது 'ஃபிதாம்'. பால்குடி மறந்த குழந்தை 'ஃபதீம்'. அப்படியானால் ஃபாத்திமா என்பவள், பிள்ளையைப் பால்குடி மறக்கச் செய்பவள்.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். பச்சிளம் குழந்தைகள் ஏராளமாக இறந்த காலம் அது. பால்குடி மறக்கும் பருவத்தைத் தாண்டிய பிள்ளையே பிழைத்த பிள்ளை. இந்த மகளும் வளர்ந்து, தாயாகி, தன் பிள்ளையைப் பால்குடி மறக்கச் செய்யும் காலம்வரை வாழட்டும் என்ற நல்லெண்ணம் இப்பெயரில் இருப்பதாகக் கொள்ளலாம்.

இரண்டு தவறான விளக்கங்கள்

இணையப் பட்டியல்கள் சில 'வசீகரமானவள்' என்று பொருள் எழுதுகின்றன. இந்த வேர்ச்சொல்லில் அப்படி ஒரு பொருள் கிடையாது.

'அல்லாஹ் அவரையும் அவரை நேசிப்போரையும் நரகத்திலிருந்து விலக்கியதால் இப்பெயர் வந்தது' என்றொரு செய்தியும் மேடைகளில் சொல்லப்படுகிறது. இமாம் இப்னுல் ஜவ்ஸீ அவர்கள் இதனை, இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தமது 'அல்மவ்ளூஆத்' நூலில் சேர்த்துள்ளார்கள். ஃபாத்திமா (ரலி) அவர்களின் சிறப்புக்கு ஆதாரமான ஹதீஸ்கள் போதுமான அளவு இருக்கின்றன. இட்டுக்கட்டியவற்றின் துணை தேவையில்லை.

மக்காவில் பல ஃபாத்திமாக்கள்

இஸ்லாத்திற்கு முன்பே அரபுகளிடம் இப்பெயர் பரவலாக இருந்தது. நபி (ஸல்) அவர்களின் தந்தைவழிப் பாட்டி ஃபாத்திமா பின்த் அம்ரு. அலீ (ரலி) அவர்களின் தாயார் ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி). உமர் (ரலி) இஸ்லாத்தை ஏற்கக் காரணமாக இருந்த அவர்களின் சகோதரி ஃபாத்திமா பின்த் அல்கத்தாப் (ரலி).

ஒருமுறை நபி (ஸல்) அவர்களுக்குப் பட்டுத்துணி ஒன்று அன்பளிப்பாக வந்தது. அதை அலீ (ரலி) அவர்களிடம் கொடுத்து, முக்காடுகளாக வெட்டி 'ஃபாத்திமாக்களுக்கு'ப் பகிர்ந்தளிக்கும்படி சொன்னார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. ஒரே குடும்பத்தில் பல ஃபாத்திமாக்கள் இருப்பது நம் வீட்டுப் புதுமையல்ல!

பெயரை உயர்த்தியவர்

குர்ஆனில் இப்பெயர் இல்லை. பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே பெண் மர்யம் (அலை) அவர்கள்தாம். எனவே ஃபாத்திமா என்ற பெயர் உலகெங்கும் பரவியதற்கு அகராதிப் பொருளைவிட, அதைத் தாங்கியிருந்த நபிமகளே காரணம்.

திரிகை சுற்றிக் கை காய்த்துப்போன நிலையில், வீட்டு வேலைக்கு ஒரு பணியாள் கேட்டுத் தந்தையிடம் சென்றார்கள். பணியாள் கிடைக்கவில்லை. உறங்கச் செல்லும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. இன்று நாம் ஓதும் இந்தத் தஸ்பீஹ், உழைத்துக் களைத்த ஒரு குடும்பப் பெண்ணின் வழியாக நமக்கு வந்தது.

நபி (ஸல்) அவர்கள் மறைந்து சுமார் ஆறு மாதங்களில், ஹிஜ்ரி 11இல் அவர்களும் மறைந்தார்கள்.

நாடுதோறும் ஒரு வடிவம்

துருக்கியர் ஃபத்மா என்பர். ஈரானியர் ஃபாத்திமே என்பர். மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபத்துமாத்தா, செல்லமாக ஃபத்து. கேரளத்தில் பாத்தும்மா, பஷீரின் 'பாத்தும்மாவின் ஆடு' நாவலால் அது இலக்கியத்திலும் நிலைத்தது. தமிழகத்தில் பாத்திமா, பாத்துமா, பாத்திமுத்து. இலங்கையில் பெண்பிள்ளைகள் பலரின் பெயருக்கு முன்னால் ஃபாத்திமா வருவது வழக்கம்.

வட ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் 909 முதல் 1171 வரை ஆண்ட ஃபாத்திமிய்யா அரசு, நபிமகளின் வழித்தோன்றல்கள் என்று கூறியே இப்பெயரைச் சூடிக்கொண்டது. போர்ச்சுகலில் ஃபாத்திமா என்றொரு ஊர் உண்டு. 1917இல் அங்கு மர்யம் அன்னை காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்புவதால், கிறிஸ்தவர்களும் இப்பெயரை வைக்கின்றனர். மதுரை ஃபாத்திமா கல்லூரி கத்தோலிக்க நிறுவனமாக இருப்பது இதனால்தான்.

1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பின்னர் தமிழக ஆளுநராகவும் இருந்தவர் ஃபாத்திமா பீவி.

பெயரிடுவோர் கவனத்திற்கு

'ஸஹ்ரா' சேர்த்து வைப்போர் உச்சரிப்பைக் கவனிக்கவும். ஸஹ்ரா என்றால் ஒளி பொருந்தியவள். ஸுஹ்ரா என்பது வெள்ளிக் கோள். நபிமகளின் சிறப்புப் பெயர் ஸஹ்ராதான்.

ஆங்கிலத்தில் இப்பெயரைப் பலவிதமாக எழுதுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் எழுதியதையே ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் அனைத்திலும் எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னாளில் அலைச்சல்தான்.

வேறு நல்ல பெயர் வைப்பதில் தவறேதும் இல்லை. நபி (ஸல்) அவர்களே தம் புதல்வியருக்கு வெவ்வேறு பெயர்கள்தாம் வைத்திருந்தார்கள். ஆனால் 'பழைய பெயர்' என்ற ஒரே காரணத்துக்காக ஃபாத்திமாவை ஒதுக்க வேண்டாம். ஒருநாள் மகள் வந்து, "எனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தீர்கள்?" என்று கேட்பாள். ஃபாத்திமா என்று வைத்திருந்தால், அந்தத் திரிகையின் கதையை அவளுக்குச் சொல்லலாம். பட்டியலில் எடுத்த பெயருக்கு என்ன கதை சொல்வோம் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

நம் பெண்மக்களைப் பெயரோடு பண்பும் பெற்றவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.