தேவாலாவின் பொன்

நீலகிரி வரலாறு என்றால் சல்லிவன், ஏரி, தேயிலை என்று முடித்துவிடுகிறோம். 1877இல்தான் அந்த ஜில்லாவோடு சேர்ந்த தென்கிழக்கு வயநாட்டில், தேவாலா, பந்தலூர்ப் பக்கம், அடுத்த நாலைந்து வருஷங்களில் நடந்த கூத்து யாருக்கும் நினைவில்லை.

பழங்குடிகள் ஓடை மணலை அரித்துப் பொன் எடுத்துவந்த இடம். ஆஸ்திரேலியாவில் சுரங்க அனுபவம் பெற்ற பிரஃப் ஸ்மித், பாறையில் பொன் உண்டென்று அரசுக்கு அறிக்கை எழுதினார். 1881 முடிவதற்குள் லண்டனில் 30க்கு மேற்பட்ட கம்பெனிகள். காகிதத்தில் மூலதனம் 40 லட்சம் பவுனுக்கு மேல். இலைநோயில் பட்டுக்கொண்டிருந்த காப்பித் தோட்டங்கள் தங்கவயல் விலைக்குக் கைமாறின. திரண்ட பணத்தில் பெரும்பகுதி தோட்டத்தை விற்றவர்களுக்கும் கம்பெனியைக் கிளப்பிவிட்டவர்களுக்கும் போயிற்று. (காப்பியில் நொடித்த துரைகள் பொன்னில் பிழைத்தார்கள்.) மிச்சத்தில் பாறை இடிக்கும் இயந்திரங்கள் மலையேறின. கிடைத்த பொன் செலவுக்குக் கட்டவில்லை. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின.

அறிக்கை முழுப் பொய்யல்ல; பொன் இருந்தது, இருக்கிறது. ஆனால் அந்த இயந்திரங்கள் பாறையை இடிக்க வந்ததைவிடப் பங்குக்காரனை நம்பவைக்கவே வந்தன என்பது என் துணிபு. இன்றைய மென்பொருள் கம்பெனிகளில் சில பங்கு விற்க வெளியிடும் ஆவணங்களைப் படிக்கையில், எழுதியவன் பந்தலூரில் பயின்றவனோ என்று தோன்றுகிறது.

கைவிடப்பட்ட அந்தச் சுரங்கங்களில் வெகுகாலம் கழித்தும் கூலிக்காரர்கள் திருட்டுத்தனமாகப் பாறை வெட்டினார்கள். மண் சரிந்து செத்தவர்களும் உண்டு.